மிஷன் மதிலுக்குத் தெற்கு

பாளையங்கோட்டையில் இருந்த எங்கள் குடும்ப வீட்டை 2024 ஆவணி மாதத்தில், அதன் வடக்கு மதிலை ஒட்டியிருக்கும் கல்லூரிக்குக் கிரயம் செய்து கொடுத்தோம். என் பூட்டனார் 1912இல் மனை வாங்கி, அடுத்த இரண்டு ஆண்டுகளில் கட்டி முடித்த வீடு அது. செய்தி கேட்டவர்களில் பாதிப் பேர் என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்டார்கள், மீதிப் பேர், கேட்க வந்தது அதுவேதான் என்றாலும், "எப்படி மனசு வந்தது?" என்று கேட்டார்கள். விலையை நான் இங்கே எழுதப்போவதில்லை. மனசு வந்த கதையைச் சொல்லலாம். ஆனால் அந்தக் கதை, நான் நினைத்திருந்த இடத்தில் தொடங்கவில்லை.

பாளையங்கோட்டையில் "கல்லூரிக்கு அடுத்த வீடு" என்று சொன்னால் தபால்காரருக்குக்கூட விளங்காது. ஜெர்மானியப் பாதிரியாரான ரேனியஸ் 1820இல் இங்கே வந்து, 1826இல் இன்று எல்லோரும் ஊசிக்கோபுரம் என்று சொல்லும் ஆலயம் எழுந்த காலத்திலிருந்து, பள்ளிகளும் விடுதிகளும் கல்லூரிகளும் ஒன்றின் மதிலில் மற்றொன்று சாய்ந்துகொண்டு வளர்ந்த ஊர் இது. பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டது. தூய சவேரியார் கல்லூரி 1923இல் வந்தது. தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு என்று மேடைக்கு மேடை சொல்லி அந்தப் பட்டத்தையே தேய்த்துவிட்டோம். எங்கள் பக்கத்துக் கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இது வாங்கியவர்களுடைய காரியமும் அல்லவா.

பூட்டனார் கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில், அதாவது அலுவலகத்தில், எழுத்தராகச் சேர்ந்து தலைமைக் கணக்கர் வரை உயர்ந்தவர். கச்சேரியின் பக்கத்திலேயே தாமிரபரணிமேல் சுலோச்சன முதலியார் பாலம் இருக்கிறது. அதே கச்சேரியில் சிரஸ்தார் என்னும் உயர் உத்தியோகத்தில் இருந்த சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டி, 1843இல் திறக்கப்பட்ட பாலம். கச்சேரி உத்தியோகம் பார்த்தவன் ஊருக்கு ஒரு பாலம் கட்ட முடியுமென்றால் குடும்பத்துக்கு ஒரு வீடு கட்ட முடியாதா என்று பூட்டனார் சொன்னதாகத் தாத்தா சொல்வார். அவர் மனை வாங்கிய காலத்தைத்தான் நாங்கள் யாரும் சரியாக யோசித்ததில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதை அடுத்துத் திருநெல்வேலியில் அரசுக் கட்டிடங்கள் எரிந்து, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். கொல்லப்பட்ட கலெக்டரின் கச்சேரியிலேயே உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், அது நடந்து ஏழு மாதத்தில் மிஷன் மதிலை ஒட்டி மனை வாங்குகிறார். பெரியப்பாவைக் கேட்டால், பூட்டனார் உள்ளுக்குள் சுதேசி என்பார். அத்தை வேறு மாதிரி சொல்வாள்: போலீஸ் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் வெள்ளைக்காரப் பாதிரி மதிலுக்குப் பக்கத்து வீட்டைத் தட்டாது என்று அவர் கணக்குப் போட்டாராம். அவர் கணக்கர். எனக்கு அத்தை சொல்வதுதான் நம்பும்படி இருக்கிறது.

மனை 38 சென்ட். தெருவிலிருந்து ஏறினால் தார்சா என்னும் முன்னறை, அதைத் தாண்டிப் பட்டாசல் என்னும் கூடம், இரண்டாங்கட்டு, அடுக்களை, அங்கணம், புறவாசலில் கிணறும் இரண்டு மாமரங்களும் ஒரு முருங்கையும். முன்பகுதிக்கு மட்டும் மெட்ராஸ் டெரஸ், பின்பகுதிக்கு ஓடு. மெட்ராஸ் டெரஸ் தெரியாத தலைமுறைக்காகச் சொல்கிறேன். பர்மா தேக்கு உத்திரங்களின் மேல், மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. எங்கள் பட்டாசலில் மல்லாந்து படுத்தால் உத்திரங்களுக்கு நடுவே அந்தச் செங்கற்களின் விளிம்புகள் மீன்முள் போல ஓடுவது தெரியும். கோடை விடுமுறையில் அவற்றை எண்ணத் தொடங்கி, தூங்காமல் எண்ணி முடித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. அந்தக் கூரைக்கு நூறு வயது தாண்டியும் சுண்ணாம்பு பிழைத்துக் கிடந்தது, போனது உத்திரம்தான். சுவருக்குள் நுழைந்திருந்த முனைகளைக் கரையான் தின்றுவிட்டது. வெளியே தெரிந்த மரம் கடைசிவரை பளபளவென்று இருந்ததால், உள்ளே என்ன நடக்கிறது என்பது 2015 மழையில் ஓர் உத்திரம் இரண்டு விரற்கடை இறங்கும்வரை எங்களுக்குத் தெரியவில்லை.

வடக்கு மதில் கல்லூரியினுடையது. அதில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு இருந்தது. ஏதோ ஒரு பஞ்ச காலத்தில் விடுதிக் கிணறு வற்றியபோது எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுப்பதற்காக மதிலை இடித்து அந்தக் கதவை வைத்தார்களாம். மழை பெய்த பிறகு அடைக்க இரண்டு தரப்புக்கும் நினைவில்லை. கல்லூரியில் மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. காலையில் முதல் மணிக்கு ஆச்சி வாசல் தெளிப்பாள், மூன்றாம் மணிக்கு உலை வைப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மணி அடிக்காததால் எங்கள் வீட்டில் சாப்பாடு எப்போதும் தாமதம். விடுதி மாணவர்கள் அந்தக் கதவு வழியாக வந்து ஊறுகாய், மோர், காய்ச்சலாகப் படுத்தவனுக்குக் கஞ்சி என்று வாங்கிக்கொண்டு போவார்கள். செவ்வாய்க்கிழமை உளுந்தஞ்சோறு என்று யார் அவர்களுக்குச் சொன்னார்களோ தெரியாது, அன்று கூட்டம் அதிகம். சாதி பார்த்துக் கிணற்றடியோடு நிறுத்திய நாட்களும் அந்தக் கதவுக்கு உண்டு. அதையும் அத்தைதான் சொன்னாள். மற்றவர்கள் சொல்லும் கதையில் மோர் மட்டும்தான் வரும்.

1983இல் தாத்தாவும் 1996இல் ஆச்சியும் போனார்கள். பெரியப்பா சென்னையில், அப்பா மதுரையில், சித்தப்பா தூத்துக்குடியில். அத்தை மட்டும், மாமா இறந்த பிறகு திரும்பி வந்து, முன்பகுதியில் விளக்கேற்றிக்கொண்டு இருந்தாள். 2021இல் அவள் இடுப்பு எலும்பு முறிந்து சித்தப்பா வீட்டுக்குப் போனதும் வீட்டைப் பூட்டினோம். ஆண்டுக்கு ஒரு முறை நாங்கள் போய்ப் பூட்டைத் திறந்து, "எவ்வளவு பெரிய வீடு!" என்று சொல்லிவிட்டு, ஓட்டலில் தங்கித் திரும்பினோம். வீட்டை விற்றதற்காக எங்களைக் கடிந்துகொள்கிறவர்கள் இந்த மூன்று ஆண்டுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். விற்பதற்கு வெகு முன்பே நாங்கள் அந்த வீட்டை விட்டுவிட்டிருந்தோம்.

முதலில் கேட்டு வந்தவர் அடுக்குமாடி கட்டுபவர். அவர் சொன்ன தொகை, பின்னால் கல்லூரி தந்ததைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அதிகம். ஆனால் எங்கள் தெருவின் அகலம் 16 அடி. எத்தனை மாடி, எத்தனை வீடு என்பதற்கான அனுமதி சாலையின் அகலத்தைப் பொறுத்தது என்பதால், அவர் சொன்ன தொகை அனுமதி கிடைத்தால்தான் தொகை, கிடைக்காவிட்டால் பேச்சு. அதிலும் ஒரு பகுதி கணக்கில் வராத பணமாக இருக்கும் என்று, மழை பெய்யும் என்பதைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். கல்லூரிக்கு எங்கள் தெருவே தேவையில்லை. மதிலை எடுத்துவிட்டால் எங்கள் மனை அவர்கள் வளாகத்தின் தெற்கு மூலை. வண்டி வர அவர்களுக்குச் சொந்த வழி இருக்கிறது. ஒரே மனைக்கு, பக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு மதிப்பும் மற்றவர்களுக்கு வேறொரு மதிப்பும் இருப்பதன் காரணம் இவ்வளவுதான். கல்லூரி மெதுவாக நகர்ந்தது. ஆட்சிக் குழுக் கூட்டம், தீர்மானம், மதிப்பீட்டாளர், மீண்டும் கூட்டம் என்று 14 மாதம் ஆயிற்று. தாளாளர் ஒவ்வொரு முறையும் தாமே தொலைபேசியில் அழைத்து, தாமதத்துக்கு வருத்தம் சொன்னார். அந்த மரியாதைக்காகவே சித்தப்பா எட்டில் ஒரு பங்கை மறந்தார் என்று நினைக்கிறேன். நான் மறந்தது வங்கிக் காசோலைக்காக.

கல்லூரியின் வழக்கறிஞர் முதலில் கேட்டது தாய்ப்பத்திரம், அதாவது பூட்டனார் மனை வாங்கிய மூலப்பத்திரம். பட்டாவும் வீட்டுவரியும் அதுவரை பூட்டனார் பெயரிலேயே இருந்தன. 1944இல் இறந்த மனிதர் 80 ஆண்டுகளாக வரி கட்டிக்கொண்டிருந்தார். வில்லங்கச் சான்று இணையத்தில் அப்போது 1975இலிருந்துதான் கிடைத்தது. அதற்கு முந்தையதைப் பதிவு அலுவலகத்தில் மனுப்போட்டுத் தேடத்தான் வேண்டியிருந்தது. பட்டாசல் மரப்பெட்டியில் இருந்த மூலப்பத்திரம், எட்டாக மடித்த வாக்கிலேயே கீழ்ப்பாதி கரையானுக்குப் போயிருந்தது. மேல்பாதியில் ஐந்தாம் ஜார்ஜின் தலை மட்டும் தெளிவாக இருந்தது. எனவே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்தோம். ஐந்து வாரம் கழித்து வந்த நகலை, சித்தப்பா வீட்டுத் திண்ணையில் நான்தான் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன்.

கொல்லம் 1087ஆம் ஆண்டு, விரோதிகிருது வருஷம், தை மாதம் என்று தொடங்கியது. எங்கள் சீமையில் அப்போது பத்திரங்களுக்குக் கொல்லம் ஆண்டுதான். ஆங்கிலத் தேதி அதற்குப் பின்னால் துணைக்கு வரும். எல்லைகள் சொல்லுமிடத்தில், "மிஷன் காம்பவுண்டு மதிலுக்குத் தெற்கு" என்று இருந்தது. அதாவது எங்களுக்கு முன்பே மதில் இருந்தது. விலை ரூ.1,150. எழுதிக் கொடுத்தவர் ஒரு விதவை. பெயரை இங்கே எழுதவில்லை. இன்னாருடைய பாரியாள் என்றுதான் பத்திரமும் அவரை முதலில் சொல்கிறது. புருஷன் வைத்துவிட்டுப் போன கடனைத் தீர்க்கவும், மகள் கலியாணச் செலவுக்காகவும், குடும்ப அவசியத்தை முன்னிட்டு, மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக் கொடுப்பதாக அவர் வாக்கில் எழுதியிருந்தது. கடைசியில் அவருடைய கொழுந்தன் மகன் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருந்தான்.

அந்த வாக்கியம் பத்திர எழுத்தரின் அலங்காரம் இல்லை. அன்றைய இந்து சட்டத்தில் கணவன் சொத்து விதவைக்கு வந்தாலும், அது அவள் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டுமே. விற்க வேண்டுமானால் சட்டம் ஒத்துக்கொள்ளும் அவசியம் இருக்க வேண்டும்; கணவனின் கடனும் மகளின் திருமணமும் அப்படிப்பட்ட அவசியங்கள். இல்லையென்றால் அவளுக்குப் பிறகு வாரிசாக வரக்கூடியவர், அந்த விற்பனை செல்லாது என்று வழக்குப் போடலாம். அதனால்தான் காரணம் எழுதப்பட்டது. அதனால்தான் கொழுந்தன் மகனின் கையெழுத்து. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்துதான் அந்தக் குறையுரிமை முழு உரிமையானது. அது வர 44 ஆண்டு இருக்கும்போதே அந்த அம்மாள் விற்றுவிட்டார்.

ரூ.1,150இல் ரூ.900ஐப் பூட்டனார் அவரிடம் கொடுக்கவில்லை. கடன் கொடுத்தவருக்கு நேரடியாகச் செலுத்துவதாகத் தம்மிடம் நிறுத்திக்கொண்டார். மீதி ரூ.250தான் அந்த அம்மாளின் கைக்குப் போயிருக்கிறது. கடன் கொடுத்தவரின் பெயரையும் ஊரையும் தகப்பனார் பெயரோடு வாசித்தேன். அத்தை, "திருப்பிப் படி" என்றாள். படித்தேன். "ஏட்டி, அது உங்க பூட்டியோட அப்பாவுல்லா" என்றாள்.

ஆக, மாமனாருக்கு வரவேண்டிய கடன், மருமகனுக்கு மனையாக வந்திருக்கிறது. கச்சேரிச் சம்பளத்தில் காசு காசாகச் சேர்த்து வாங்கிய மனை என்றுதான் மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதில் உண்மை இல்லாமலில்லை, ரூ.250 அவருடைய சேமிப்பாக இருக்கலாம். பத்திரத்தில் சட்டத்துக்குப் புறம்பாக ஓர் எழுத்தும் கிடையாது. 1882இன் சொத்து மாற்றுச் சட்டம், 1899இன் முத்திரைச் சட்டம், அப்போது புதிதாக வந்திருந்த 1908இன் பதிவுச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் உட்பட்ட சுத்தமான கிரயம். இன்றும் நாம் அதே மூன்று சட்டங்களின் கீழ்தான் வாங்குகிறோம், விற்கிறோம். அந்த அம்மாள் பிறகு எங்கே போனார், மகள் கலியாணம் நடந்ததா என்பதைச் சொல்லும் காகிதம் எதுவும் எங்கள் பெட்டியில் இல்லை.

பாகம் பிரிக்கும் பேச்சில் அத்தைக்கும் கொஞ்சம் அந்த அம்மாள் நிலைமைதான் வரப் பார்த்தது. பூட்டனார் 1944இல் இறந்தபோது வீடு ஒரே மகனான தாத்தாவுக்கு வந்தது. ஆகையால் அது தாத்தாவின் பிள்ளைகள் கையில் பூர்வீகச் சொத்து. பழைய கணக்குப்படி, தாத்தா இறந்த 1983இல் சொத்து அவருக்கும் மூன்று மகன்களுக்குமாக நான்கு பங்கு. தாத்தாவின் கால் பங்கு மட்டும் மனைவி, மகன்கள், மகள் என்று ஐந்து பேருக்குப் பிரியும். அதன்பின் ஆச்சியின் துண்டும் நான்கு பிள்ளைகளுக்குப் பிரியும். எல்லாம் கூட்டினால் அத்தைக்கு வருவது பதினாறில் ஒன்று; அண்ணன் தம்பிகளுக்கு ஆளுக்குப் பதினாறில் ஐந்து. பெரியப்பா மகன் இந்தக் கணக்கை அழகாகத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தான். 1989இல் தமிழ்நாடு மகள்களுக்குச் சம உரிமை கொடுத்தது உண்மைதான் என்றும், அதற்கு முன்பே மணமானவர்களுக்கு அது பொருந்தாது என்றும், அத்தைக்கு 1968இலேயே கலியாணம் ஆகிவிட்டது என்றும் அடிக்குறிப்புக்கூடப் போட்டிருந்தான்.

எங்கள் வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டு, 2005 வரைக்கும் இது சரியான கணக்கு என்றார். 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் மகளும் பிறப்பாலேயே பங்காளி. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. தகப்பன் இறந்தபோது கணக்குக்காகப் பாவித்துக்கொண்ட பிரிவினை, உண்மையான பாகப்பிரிவினை ஆகாது என்றும் சொல்லிவிட்டது. நாங்கள் ஒருபோதும் பத்திரம் எழுதிப் பிரித்துக்கொள்ளவில்லை. எனவே நான்கு பிள்ளைகளுக்கும் நேர் பாதியில் பாதி, ஆளுக்குக் கால் பங்கு. பதினாறில் ஒன்று ஒரே மாலைப் பொழுதில் நான்கில் ஒன்றாகிவிட்டதைக் கேட்டு அத்தை சிரிக்கவில்லை. "ஆச்சிக்கு இது தெரிஞ்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். எந்த ஆச்சியைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. பெரியப்பா மகன் மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு நான்காம் நாள் ஒப்புக்கொண்டான். கனடாவில் இருக்கும் அவன் தம்பி, தூதரகத்தில் அதிகார ஆவணம் எழுதி அனுப்பினான். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிச் சீராக்க வேண்டும் என்பதால் அந்த ஓட்டமும் எனக்கே வாய்த்தது.

தார்சாவையும் பட்டாசலையும் இடிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கிரயப் பத்திரத்தில் எழுதலாம் என்பது என் யோசனை. வழக்கறிஞர் மறுத்தார். முழு உரிமையையும் விற்ற பிறகு, வாங்கியவர் அதை எப்படி அனுபவிக்க வேண்டும் என்று போடும் நிபந்தனை, சொத்து மாற்றுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி இல்லாததுபோல் ஒதுக்கப்படும். பத்திரத்தில் எழுதலாம், படிக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான் என்றார். கல்லூரியோ வாய்மொழியாக, முன்பகுதியை வாசகசாலையாக வைத்துக்கொள்ள ஆசைப்படுவதாகவும், பொறியாளர் உத்திரங்களைப் பார்த்த பிறகே சொல்ல முடியும் என்றும் சொன்னது. பொறியாளர் பார்த்தார். சுவருக்குள் இருந்த உத்திர முனைகளில் பாதிக்குமேல் கை வைத்தால் உதிர்கிறது என்று எழுதினார். அந்த இடத்தில் மாணவியர் விடுதி வரப்போகிறது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். உத்திரம் இறங்கியதைப் பார்த்தும் ஒன்பது ஆண்டுகள் சும்மா இருந்தவர்கள் நாங்கள். காரைக்குடியிலிருந்து பழைய மரச்சாமான் வாங்குகிறவர் வந்து, நிலைக்கதவுக்கு மட்டும் தனி விலை கேட்டார். கதவு, நிலை, சன்னல் உட்படத்தான் விற்கிறோம் என்று திருப்பி அனுப்பினோம்.

பத்திர எழுத்தர் பழைய மாதிரியிலேயே எழுதுகிறவர். நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று எட்டுப் போகங்களையும், அதாவது அனுபவ உரிமைகளையும், வரிசையாக எழுதி, அவற்றோடு சேர்த்து விற்பதாக முடித்திருந்தார். நிதி என்றால் புதையல் என்று விளக்கியதும், "அப்போ தோண்டும்போது பானை கிடைச்சா காலேஜுக்கா?" என்று அத்தை கேட்டாள். கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், ரூ.10க்கு மேல் மதிப்புள்ள புதையலுக்கு 1878இலேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுவிட்டான் என்று எழுத்தர் சொன்னார்.

எட்டுப் போகங்களுக்கு முந்தைய பத்தியில்தான் நான் நின்றேன். "எங்களுடைய குடும்ப அவசர அவசியச் செலவுகளை முன்னிட்டு" மனப்பூர்வமாகச் சம்மதித்து விற்பதாக எழுதியிருந்தது. எங்களுக்கு அவசரமும் இல்லை, அவசியமும் இல்லை, கடனும் இல்லை. நான்கு குடும்பத்தில் மூன்றுக்குச் சொந்த வீடு இருக்கிறது. இந்த வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அது எல்லாப் பத்திரத்திலும் வர்றதும்மா. இல்லாட்டித்தான் ஏன் இல்லைன்னு கேப்பாங்க" என்றார். விட்டுவிட்டேன். 1912இல் அந்த அம்மாள் சொன்ன அதே காரணத்தை, அவருக்கு உண்மையாக இருந்த காரணத்தை, எந்தத் தேவையும் இல்லாமல் நாங்களும் சொன்னோம்.

பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்களுக்கு 11:30 மணிக்கு முறை. 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கல்லூரி கட்டியிருந்தது. சித்தப்பா ஒரு புதுப் பேனா வாங்கி வந்திருந்தார். வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கேமராவைப் பார்த்து, கருவியில் பெருவிரலை வைத்தோம். அத்தைக்கு ரேகை விழவில்லை. துணியால் துடைத்து வைத்தாள், விழவில்லை. கணினி முன்னால் இருந்த பெண், "பாட்டி, தலைமுடியில தேச்சிட்டு வைங்க" என்றாள், அதுவும் ஆகவில்லை. மற்றக் கைப் பெருவிரல், ஆள்காட்டி விரல் என்று நான்கைந்து முறை பார்த்தார்கள். 50 ஆண்டுகள் சாம்பலும் புளியும் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரல்களில் கருவிக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் கண்ணைப் படம் பிடிக்கும் கருவியைக் கொண்டுவர ஆள் போனான்.

காத்திருந்த நேரத்தில் அத்தை என் பையிலிருந்து 1912 பத்திரத்தின் நகலை எடுக்கச் சொன்னாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நகல் எடுத்த எழுத்தர், அந்த அம்மாளின் பெயரை எழுதிப் பக்கத்தில் "கீறல்" என்று போட்டிருந்தார். கையெழுத்துத் தெரியாதவர்கள் போட்ட அடையாளத்துக்கு அதுதான் சொல். அத்தை அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்காவது விழுந்துச்சு. எனக்கு விழ மாட்டேங்கு" என்றாள்.

கருவி வந்தது. கண்ணை அகலமாகத் திறந்து அசையாமல் பார்க்கும்படி அந்தப் பெண் சொன்னாள், அத்தை பார்த்தாள்.